தூண்டா விளக்கு: மெழுகுதிரியின் வரலாற்றில் திரியும் தேங்காயும்

1794ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் ஆய்விதழிலே, ரம்போர்ட் பிரபு எனப் பெயர்பெற்ற பெஞ்சமின் தொம்சன், ஒளியை ஒப்பிட்டு அளக்கும் முறை பற்றிக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அதில் இடம்பெறும் ஓர் அளவீடு இன்றும் வியப்பைத் தருவது. சாதாரண கொழுப்பு மெழுகுதிரியொன்றின் திரியைக் கத்தரித்தவுடன் அது தரும் ஒளி 100 எனக் கொள்ளப்பட்டது. 11 நிமிடங்களின் பின் அவ்வொளி 39 ஆயிற்று. மேலும் 8 நிமிடங்கள் சென்றதும் 23 ஆயிற்று. 29ஆவது நிமிடத்தில் 16 மட்டுமே எஞ்சியது. திரியை மீண்டும் கத்தரித்தபோது பழைய 100 திரும்பியது. அரைமணி நேரம் கவனியாது விட்டால் வெளிச்சத்தின் ஆறில் ஐந்து பங்கு போய்விடும். கொழுப்போ உருகிச் செலவாகிக்கொண்டேயிருக்கும்.

எவரும் தீண்டாமலே ஒரு சுடர் சீராக நின்றெரியும் என்பது இன்று இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டின் முதற் பாதியிலே முயன்று பெறப்பட்ட ஒன்று. கோயிலிலும் செய்யுளிலும் ‘தூண்டா விளக்கு’ என்ற தொடரை வழங்கிய தமிழருக்கு, தூண்டப்படாது எரியும் விளக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் விளக்கருகே தூண்டுகோல் கிடந்தது போல, ஐரோப்பிய வீடுகளில் மெழுகுதிரியருகே திரிக்கத்தரி கிடந்தது. அக்கத்தரி எவ்வாறு மறைந்தது என்பதைக் கூறுவோர் பெரும்பாலும் இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவர். அது வரலாற்றின் அரைவாசியே. எஞ்சிய அரைவாசி ஒரு பருத்தி நூற் பின்னலிலும் இலங்கையின் தென்னந் தோட்டங்களிலும் கிடக்கின்றது.

முதலிற் கொழுப்பு மெழுகுதிரியின் குறைகளை நோக்க வேண்டும். மாட்டினதும் ஆட்டினதும் கொழுப்பை உருக்கி, அதில் முறுக்கிய பருத்தித் திரியைப் பன்முறை தோய்த்தெடுத்தோ அச்சில் வார்த்தோ அது செய்யப்பட்டது. மெழுகு அதிற் சிறிதளவும் இல்லை. எனினும் தமிழில் வேறு பெயர் வழங்காமையால் அதனையும் மெழுகுதிரி என்றே சுட்ட வேண்டியுள்ளது. கொழுப்பு குறைந்த வெப்பநிலையிலேயே இளகிவிடும். விரைவில் உருகி நிறையும் கொழுப்பை உறிஞ்சி எரிக்கத் தடித்த திரி தேவைப்பட்டது. முறுக்கிய திரி நிமிர்ந்தே நிற்கும். சுடரின் நடுப்பகுதியிலோ எரியும் ஆவியே நிறைந்திருக்கும். அங்கே ஒட்சிசன் சென்று சேர்வதில்லை. ஆகவே சுடரின் நடுவே நிமிர்ந்து நிற்கும் திரியின் நுனி கருகுமேயன்றி எரிந்து தீராது. மெழுகுதிரி குறுகக் குறுகக் கருகிய நுனி நீளும். அதன்மீது கரி படிந்து காளான் போலத் தடிக்கும். சுடர் குளிர்ந்து, சிவந்து, புகை கக்கும். இறுதியில் அக்கரித்துண்டு கனன்றபடியே உருகிய கொழுப்பினுள் விழும். அது அங்கே இரண்டாவது திரியாகி ஒருபக்க விளிம்பை உருக்க, கொழுப்பு வடிந்து மேசையிற் கொட்டும். மரச்சுவரும் துணித்திரையும் சூழ்ந்த படுக்கையறைகளில் அத்துண்டு எங்கே விழும் என்பதே அச்சத்துக்குரியதாயிருந்தது.

எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது எழுந்து திரியைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. இதற்கென அமைந்த கத்தரியின் ஓர் அலகில் சிறு பெட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். வெட்டிய கரி அதனுள் அடங்கி அணையும். சுடரை அணைக்காமல் திரியை மட்டும் வெட்டுவது கைப்பழக்கம் வேண்டிய வேலை. செல்வர் வீடுகளில் அது பணியாளருக்குரியது. அரங்குகளில் அதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் மேடையேறித் திரி கத்தரிப்பதைப் பார்வையாளர் பொறுத்துக்கொண்டனர். ஏனைய வீடுகளில் தைப்பவளும் படிப்பவனும் தத்தம் வேலையை இடைநிறுத்தித் தாமே அதனைச் செய்தனர். கத்தரிக்காமல் எரியும் மெழுகுதிரியைக் காட்டிலும் சிறந்த கண்டுபிடிப்பு வேறில்லை என்று ஜேர்மானியக் கவிஞர் கதே செய்யுளில் எழுதியமை வெறும் விளையாட்டுப் பேச்சன்று.

தேன்மெழுகாற் செய்த திரிகள் இத்தொல்லையைக் குறைத்தன. அவை 62 முதல் 64 பாகை சதம வெப்பநிலையிலேயே உருகுவன. மெல்லிய திரி போதும். ஆனால் அவற்றின் விலை தேவாலயத்துக்கும் அரண்மனைக்குமே கட்டுப்படியாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து பெறப்பட்ட வெண்மெழுகு சந்தைக்கு வந்தது. அதன் சுடர் அத்துணைச் சீரானது. 1860ஆம் ஆண்டு இலண்டன் வாயுச் சட்டம் ஒளியை அளக்கும் அலகையே அதனைக்கொண்டு வரையறுத்தது. ஆறு சேர்ந்து ஒரு இறாத்தல் நிறையுடையதாய், மணிக்கு 120 கிறேன் வீதம் எரியும் திமிங்கில மெழுகுதிரியே அவ்வலகாகும். அதுவும் ஏழைக்கு எட்டாததே.

ஏழைகளின் வெளிச்சம் வேறு. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தார் கோரைத் தண்டை உரித்து, ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டு, சமையலில் எஞ்சிய கொழுப்பில் தோய்த்து எரித்தனர். செல்போர்ன் என்னும் ஊரின் இயற்கை வரலாற்றை எழுதிய கில்பேட் வைற், 2 அடி 4½ அங்குல நீளமான நல்ல கோரையொன்று ஒரு மணித்தியாலத்துக்கு 3 நிமிடங்கள் குறைய எரிந்ததை அளந்து குறித்துள்ளார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோரை விளக்கை நிமிர்த்தி வைப்பதில்லை. இரும்புக் குறட்டிற் சாய்த்தே பிடிப்பர். சாய்ந்து எரிவதால் அதன் நுனி சுடருக்கு வெளியே நீண்டு, காற்றுப் பட்டுத் தானே சாம்பலாகிவிடும், கத்தரி வேண்டியதில்லை. பிற்காலத்தில் பெரும் முயற்சியுடன் கண்டறியப்பட்ட தத்துவம் ஏழையின் குடிசையில் எவர் கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டிருந்தது எனலாம். 1709 முதல் 1831 வரை இங்கிலாந்தில் மெழுகுதிரிக்கு வரி விதிக்கப்பட்டிருந்தது; அனுமதியின்றி வீட்டில் மெழுகுதிரி செய்வதும் தடுக்கப்பட்டிருந்தது. கோரை விளக்குக்கு அவ்வரி இருக்கவில்லை. நாட்டுப்புறத்தில் அது நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆய்வுகூடத்தின் பங்கு. பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் மிசேல் ஷெவ்ரல் (1786-1889) சவர்க்காரத்தின் இயல்பை ஆராயத் தொடங்கி, கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் சேர்ந்த கூட்டு என்பதை நிறுவினார். 1823இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடிப்படையாயிற்று. கொழுப்பிலிருந்து மென்மையான பகுதியை நீக்கினால் எஞ்சுவது கடினமான, வெண்மையான, மணமற்ற அமிலங்களாகும். அவற்றுள் ஸ்ரியரிக் அமிலம் தனிநிலையில் 69 பாகை சதம அளவில் உருகுவது. மலிவான ஆட்டுக் கொழுப்பிலிருந்து தேன்மெழுகை ஒத்த பொருளைப் பெறலாம் என்பதே இதன் பயன். 1825இல் ஷெவ்ரலும் கே-லுசாக்கும் இதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். ஆயின் அவர்களது முயற்சி வணிகத்தில் வெற்றிபெறவில்லை. சிறந்த அறிவியலாளர் இருவர் சேர்ந்தும் விற்பனைக்குரிய மெழுகுதிரியொன்றை ஆக்க இயலாமற் போயிற்று. உற்பத்திச் செலவு மிகுந்திருந்தது ஒரு காரணம். புதிய பொருளுக்கேற்ற புதிய திரி வேண்டியிருந்தது மற்றொன்று.

அத்திரியைத் தந்தவர் கம்பசெரே என்னும் பொறியியலாளர். 1825ஆம் ஆண்டளவில் அவர் பருத்தி நூலை முறுக்குவதற்குப் பதிலாகப் பின்னினார். கூந்தலைப் பின்னுவது போல மூன்று புரிகளாக இறுக்கிப் பின்னிய திரியில் ஓர் இழுவிசை எப்போதும் உண்டு. தன்னைத் தாங்கி நின்ற மெழுகு உருகி விலகியதும் அத்திரி ஒருபக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளிவிளிம்பை எட்டும்; அங்கே ஒட்சிசன் உண்டு; நுனி எரிந்து சாம்பலாகும். மெழுகுதிரி எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு திரியும் தானே குறைந்துகொண்டுவரும். கத்தரி செய்த வேலையைச் சுடரே செய்துகொண்டது. எஞ்சிய சிறு குறையையும் டி மில்லி தீர்த்தார். 1831இல் பரிஸ் நகரில் ஸ்ரியரின் மெழுகுதிரித் தொழிலைத் தொடங்கிய அவர், விலைமிக்க காரத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தார். சில ஆண்டுகளின் பின் திரியைப் போரிக் அமிலக் கரைசலில் தோய்க்கும் முறையையும் புகுத்தினார். திரியின் சாம்பல் போரிக் அமிலத்துடன் சேர்ந்து கண்ணாடி மணி போல உருகி நுனியில் திரளும். அம்மணியின் பாரம் திரி வளைவதற்கும் துணைசெய்யும்.

பின்னற்றிரியும் ஸ்ரியரினும் ஒன்றையொன்று வேண்டி நின்றன என்பதே இங்கு வற்புறுத்தத் தக்கது. பின்னற்றிரியைக் கொழுப்பு மெழுகுதிரியில் இட்டிருந்தால், வளைந்த நுனியின் வெப்பம் அப்பக்கத்து மென்கொழுப்பை உருக்கி வடியச் செய்திருக்கும். ஸ்ரியரினில் முறுக்குத் திரியை இட்டால் மீண்டும் கத்தரியை நாட வேண்டும். ஷெவ்ரலின் பெயர் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் ஒன்றாக நிற்கின்றது. பின்னலுக்கு அத்தகைய நினைவுச்சின்னம் எதுவுமில்லை.

புதிய மெழுகுதிரி குற்றமற்றதாய் வந்ததெனக் கொள்ளலாகாது. ஸ்ரியரின் அச்சினுள் ஆறும்போது பளிங்குகளாக உறைந்து நொறுங்கும் இயல்புடையது. அதனைத் தடுக்க உற்பத்தியாளர் சிலர் வெள்ளை ஆசனிக்கைக் கலந்தனர். புகையின்றி, கரியின்றி, சீராக எரிந்த அச்சுடர் அறையினுள் நஞ்சைப் பரப்பியது. பிரான்சில் இது தடைசெய்யப்பட்டது. இலண்டனில் 1837இல் வெஸ்ற்மின்ஸ்ரர் மருத்துவச் சங்கம் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்து இவ்வழக்கத்தைக் கண்டித்தது. மெழுகுதிரி சீராக எரிகின்றது என்பதனால் மட்டும் அது தீங்கற்றதாகிவிடாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இங்கிலாந்தில் இக்கதை வேறொரு வழியிற் சென்றது. அவ்வழி இலங்கையூடாகச் செல்கின்றது. 1829இல் ஜேம்ஸ் சோம்ஸ் என்பவர், தேங்காயெண்ணெயை அழுத்தி அதன் திண்மப் பகுதியையும் திரவப் பகுதியையும் பிரிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு வில்லியம் வில்சன், பெஞ்சமின் லாங்காஸ்ரர் ஆகிய இருவர் அம்முறையைக் கைக்கொண்டு எட்வேட் பிறைஸ் கம்பனி என்னும் நிறுவனத்தை இலண்டனில் தொடங்கினர். பிறைஸ் என்ற பெயரில் அங்கே பங்காளி எவரும் இல்லை. கொழுப்புருக்கும் தொழில் இழிவாகக் கருதப்பட்டமையால், மதிப்புடைய வணிகர் தம் பெயரை மறைத்துக்கொண்டனர். வொக்ஸோலில் மெழுகுதிரித் தொழிற்சாலையும் பற்றர்சியில் எண்ணெய் ஆலையும் அமைந்தன. மூலப்பொருளுக்காக இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந் தோட்டத்தில் அவர்கள் முதலிட்டனர். 1831இல் மெழுகுதிரி வரி நீக்கப்பட்டமை இவர்களுக்கு நல்வாய்ப்பாயிற்று.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை சதம வெப்பநிலையில் உறைவது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ போத்தலில் அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கும்; இலண்டன் குளிரில் வெண்ணெய்க் கட்டி போலாகும். அதனாலேதான் இத்தீவில் விளக்கெண்ணெயாகவே பயன்பட்ட ஒன்று அங்கே மெழுகுதிரிக்குரிய பொருளாகத் தோன்றியது. எனினும் தனியே அது மென்மையானது. பின்னற்றிரிக்கு வேண்டிய உறுதி அதற்கு இல்லை. அதேவேளை தனி ஸ்ரியரின் விலை கூடியது. இரண்டையும் கலந்தபோது இரண்டின் குறையும் தணிந்தது. 1840 பெப்ரவரியில் விக்ரோறியா மகாராணியின் திருமணம் நிகழ்ந்தது. அத்தகைய நாள்களில் குடிமக்கள் சாளரங்களில் மெழுகுதிரி ஏற்றுவது வழக்கம். அச்சந்தையை நோக்கியே ஸ்ரியரிக் அமிலமும் தேங்காய்த் திண்மமும் கலந்த ‘கூட்டு’ மெழுகுதிரியை பிறைஸ் கம்பனி வெளியிட்டது. கத்தரிக்கத் தேவையற்றது, விலை நடுத்தரமானது; மக்கள் அதனை விரும்பி வாங்கினர். தேன்மெழுகை வாங்கவியலாத ஆங்கில இல்லங்களிற் கத்தரியின்றிச் சுடர் நின்றதில் இலங்கைத் தேங்காய்க்கும் பங்குண்டு.

1840களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பச்சிலைப்பள்ளிப் பகுதியிலும் மட்டக்களப்பிலும் ஐரோப்பியர் தென்னந் தோட்டங்களைத் திறந்தமையை இப்பின்னணியிலும் நோக்குதல் தகும். மெழுகுதிரியும் சவர்க்காரமும் ஐரோப்பாவில் எண்ணெய்க்குப் பெருந்தேவையை உண்டாக்கியிருந்தன. இலங்கையின் 19ஆம் நூற்றாண்டுப் பொருளாதாரம் பற்றிய பாடங்கள் கோப்பியையும் அதன்பின் தேயிலையையும் விரித்துரைத்துத் தென்னையைச் சில வரிகளில் முடித்துக்கொள்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. மேலைநாட்டு மெழுகுதிரி வரலாறுகளிலோ இத்தீவு ஒரு கொள்வனவு இடமாக மட்டுமே தலைகாட்டுகின்றது. காட்டை வெட்டி நிலம் திருத்தியோர், தேங்காய் உரித்தோர், கொப்பறா உலர்த்தியோர், செக்காட்டியோர் அவ்வரலாறுகளிற் பேசப்படுவதில்லை. இவ்விடத்தில் ஒரு முரணும் உண்டு. 1842இல் அமிலமும் நீராவி வடிப்பும் கொண்டு கறுத்த கொழுப்புகளையும் வெளுக்கச் செய்யும் முறை வில்சன் குடும்பத்தாருக்குக் கைவந்ததும், கம்பனி மேற்கு ஆபிரிக்காவின் பனையெண்ணெயை நாடியது. அவ்வெண்ணெய் வணிகம் அடிமை வணிகத்துக்கு மாற்றாகும் என விளம்பரமும் செய்தது. ஆபிரிக்கத் தொழிலாளரின் விடுதலையைப் பேசிய அவ்விளம்பரங்களில் இலங்கைத் தோட்டத்தவர் நினைவுகூரப்படவில்லை.

தேங்காயின் காலம் நீடிக்கவில்லை. 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பரபின் பெறும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அப்பத்தாண்டிலேயே பிறைஸ் கம்பனி பர்மாவின் மண்ணெய்யிலிருந்து பரபின் மெழுகைப் பிரித்தது. பரபின் மலிவானது, ஒளிமிக்கது. ஆனால் உருகுமுன்பே இளகி வளையும் இயல்புடையது. அதனை நிமிர்த்தி நிறுத்த மீண்டும் ஸ்ரியரினையே சேர்க்க வேண்டியிருந்தது.

1860-61 நத்தார் விடுமுறையில் மைக்கல் பரடே இலண்டன் றோயல் நிறுவனத்தில் இளையோருக்கு ஆற்றிய மெழுகுதிரி பற்றிய விரிவுரைகள் புகழ்பெற்றவை. அங்கே அவர் காட்டிய முதற் செய்திகளுள் ஒன்று, எரியும் மெழுகுதிரியின் தலையில் அமையும் கிண்ணம். சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகின்றது. அவ்வோட்டம் மெழுகுதிரியின் வெளிப்புறத்தைக் குளிர்விக்கின்றது. நடுப்பகுதி உருக, விளிம்பு உருகாது நிற்கின்றது. உருகிய மெழுகு அக்கிண்ணத்திற் கிடந்து, மயிர்த்துளைமையினால் திரியில் ஏறி, ஆவியாகி எரிகின்றது. காற்று ஒருபக்கமாக வீசினாலோ, அழகுக்காக மெழுகுதிரியின் உடலில் வரிப்பள்ளங்கள் இட்டாலோ கிண்ணத்தின் விளிம்பு ஒழுங்கிழந்து மெழுகு வடியும். அலங்கார மெழுகுதிரி அழகானது, ஆயின் நன்றாக எரியாது என அவர் இளையோருக்குச் சுட்டிக்காட்டினார்.

வீட்டில் மெழுகுதிரியைச் சீராகவும் காவலாகவும் எரிப்பதற்குரிய விதிகள் யாவும் இக்கிண்ணத்திலிருந்தும் அப்பின்னலிலிருந்துமே பிறக்கின்றன. சாளரத்தின் எதிரேயோ மின்விசிறியின் கீழேயோ மெழுகுதிரியை வைத்தால் கிண்ணம் ஒருபுறம் உடைவது உறுதி. சாய்த்து நிறுத்தினாலும் அதுவே நிகழும். மெல்லிய மெழுகுதிரியில் பின்னற்றிரி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்று கண்ணாடிக் குவளைகளில் விற்கப்படும் தடித்த மெழுகுதிரிகளுக்கு அது எப்போதும் போதாது. மீண்டும் ஏற்றுமுன் திரியை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அளவுக்குக் கத்தரிக்குமாறு அவற்றின் உற்பத்தியாளரே கூறுகின்றனர். ஆக, 19ஆம் நூற்றாண்டு விரட்டிய கத்தரி 21ஆம் நூற்றாண்டின் வரவேற்பறைக்குத் திரும்பிவிட்டது. அம்மெழுகுதிரிகளை முதன்முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுவதும் உருகும்வரை விடவேண்டும். இடையில் அணைத்தால் பின்னர் நடுவில் மட்டும் குழி விழுந்து திரி மூழ்கும். நெகிழ்ந்த திரியை நிமிர்த்த ஈயக் கம்பியை உள்ளே வைத்துப் பின்னும் வழக்கமும் இருந்தது. அது எரியும்போது ஈயம் காற்றிற் கலப்பதால் ஐக்கிய அமெரிக்கா 2003இல் அதனைத் தடைசெய்தது. ஆசனிக் மெழுகுதிரியின் கதை 166 ஆண்டுகளின் பின் மறுபடியும் நிகழ்ந்தது எனலாம்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி உச்சமடைந்தபோது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. தட்டிலும் போத்தல் வாயிலும் தகர மூடியிலும் மெழுகுதிரியை ஒட்டவைத்து மாணவர் படித்தனர். அவர்கள் ஏற்றியவை மண்ணெய் வழிவந்த பரபின் மெழுகுதிரிகள். அவற்றின் திரியிற் பின்னல் இருந்தது, உடலில் தேங்காய் இருக்கவில்லை. மேலைநாட்டுக் கடைகளிலோ இப்போது தேங்காய் மெழுகாற் செய்த மெழுகுதிரி இயற்கையானது, புதுமையானது என்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது.